அறுநூற்றெழுபத்தைந்து மடங்குப் பிறை

என் மனைவியின் தம்பியை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்து எழுதிப் பயனில்லை. போன வருடம் நோன்புப் பிறையைக் கண்டதாகப் பள்ளிவாசலில் நான் சொன்னபோது, எல்லோருக்கும் கேட்க, "மச்சானுக்குக் கண்ணில வெள்ளை படர்ந்திட்டு. மேகத்தைக் கண்டிருப்பார்" என்று சிரித்தவன் அவன்தான். வேறு ஒருவரும் கண்டிருக்கவில்லை. என் சொல் எடுபடவில்லை. முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனின் சொல்!

அதற்காகவே இந்த வருடம் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். வெறுங்கண்ணால்தான் காண வேண்டும் என்பது எங்கள் பள்ளிவாசல் வழக்கம். ஆனால் கருவியில் இடத்தைப் பிடித்துவிட்டால் பிறகு கண் தடுமாறாது. பிறையை நான் அறிவிக்க வேண்டும், அவன் அதைக் கேட்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறை பார்க்கும் நாளன்று அஸர் தொழுகை முடிந்த பின்னேரம் அழைக்காமலே எங்கள் மொட்டைமாடிக்கு வந்தான். கையில் ஒரு சின்னக் கண்வில்லையும் ஒரு பார்லோவும். பார்லோ என்பது குழாய்க்கும் கண்வில்லைக்கும் இடையில் செருகுகிற மும்மடங்கு உருப்பெருக்கி.

"இந்த வில்லை இருநூற்றி இருபத்தஞ்சு மடங்கு. அதை மூண்டால பெருக்குங்க மச்சான். அறுநூற்றி எழுபத்தஞ்சு! பிறையில ஈ இருந்தாலும் தெரியும்."

என் குழாயின் வாய் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அவ்வளவு பெருக்கினால் வெளிச்சம் மெலிந்து போகும், வானத்தில் ஊசிக்கண் அளவுதான் உள்ளே அகப்படும். போதாததற்கு வீட்டுக்கு முன்னால் கிடக்கிற உள்துறைமுகத் தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் நெளிய வைக்கும். பிறைக்கு என் பெட்டியிலிருந்த பெரிய கண்வில்லைதான் சரி, வெறும் முப்பத்தாறு மடங்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஓம், நல்ல யோசனை. நீங்களே பாருங்க" என்றேன்.

சூரியன் மேற்கே சீனக்குடாப் பக்கம் இறங்கியது. அவன் குனிந்தான், திருகினான், குழாயைத் தட்டினான். ஒரு தடவை "கண்டுட்டன்!" என்று கத்தினான். அது எதிர்க்கரைக் கம்பத்து விளக்கு. வியர்வை அவன் மூக்கால் வடிந்து வில்லையில் சொட்டியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. பிறை இறங்குமுன் கடைசி நிமிடங்களில் அவனை விலக்கி என் கண்வில்லையைப் போடுவதாக எண்ணம். இன்னும் கொஞ்சம் படட்டும், இன்னும் கொஞ்சம் படட்டும் என்று நின்றேன்.

காய்ந்த உடுப்பு எடுக்க வந்திருந்த மனைவி கொடியடியில் நின்றாள்.

"பிறை மறைஞ்சிட்டு" என்றாள். "இவ்வளவு நேரமும் அந்த மேகத்துக்கு மேலதானே நிண்டது. நீங்க ரெண்டு பேரும் காணல்லையா?"

மேகம் பிறகு விலகவே இல்லை.

அவள் பள்ளிவாசலுக்குத் தொலைபேசியில் சொன்னாள். சற்று நேரத்தில் பள்ளிவாசல் தலைவர் என்னை அழைத்தார்.

"சேர், வீட்டில கண்டதாச் சொல்றாங்க. நீங்களும் கண்டீங்களா?"

முகத்தைத் துடைத்தபடி அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் உண்மையாகக் கண்டேன், நம்பவில்லை. இன்று ஓம் என்றால் நம்புவார்கள்.

"இல்ல" என்றேன். "நான் மேல பாக்கல்ல."