முத்துச்செல்வத்தின் இடது காது

செய்தி வந்தபோது நான் அசெம்பிளி லைனில் நின்றிருந்தேன். சூப்பர்வைசர் நேராக என்னிடம் வந்து, "பன்னீரு, கொஞ்சம் வெளிய வா" என்றார். லைனை நிறுத்தாமல் ஆளை மட்டும் கூப்பிட்டால் அது வீட்டுச் செய்தியாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டே போனேன்.

"உங்க டீம் செல்வம்ப்பா. ஒரகடம் கூட்டு ரோட்டாண்ட கிராஸ் பண்ணிக்கினு இருந்திருக்கான். லாரி அடிச்சிட்ச்சி. ஆஸ்பத்திரிக்குக்கூட தூக்க முடியலயாம்."

இரண்டாவது ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். பாதி சாலையைக் கடந்தாகிவிட்டது. லாரி இடது பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தேன் என்று டிரைவர் போலீஸில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அந்த டிரைவரைத் திட்டினார்கள். நான் அவரை நம்புகிறேன். ஏன் நம்புகிறேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கேன்டீனில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் கூடைப்பந்து டீம் கேப்டன் என்ற முறையில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். "நல்ல பிளேயர், நல்ல மனுசன்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சொல்லியிருக்க வேண்டியது வேறு. முத்துச்செல்வத்துக்கு இடது காது கேட்காது. அது எனக்குத் தெரியும். அதைக் கம்பெனியிடமிருந்து மறைத்ததும் நான்தான். இதை நம் மனமகிழ் மன்ற இதழில் போடுவார்களா, தெரியாது. போடாவிட்டால் கேன்டீன் போர்டில் நானே ஒட்டுவேன்.

பேச்சில் நான் அவரை ஒரு நாளும் 'அவர்' என்று சொன்னதில்லை. எனக்கு ஆறு வயது இளையவர். ஆனால் இப்போது எழுத்தில் 'அவன்' என்று எழுத மனம் வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விளாத்திகுளம் பக்கத்துக்காரர். ஐடிஐ முடித்துவிட்டு டிரெய்னியாக நம் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். சிங்கப்பெருமாள் கோவிலில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர் என்று கேள்விப்பட்டு நானே பிரஸ் ஷாப்புக்குப் போய் அவரைப் பிடித்து வந்தேன். எங்களுக்கு பவர் ஃபார்வர்டு இல்லாமல் இருந்தது. வளையத்துக்கடியில் முட்டி மோதி, தவறிய பந்தைப் பிடித்துத் தர ஓர் ஆள். முதல் நாளே எதிர் ஆட்டக்காரர்களை முதுகால் நகர்த்திவிட்டுப் பந்தை எடுத்த விதத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் டீமுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐந்து பேரும் மூன்று ஷிஃப்டில் சிதறிக் கிடப்போம். மதியம் ஷிஃப்டு மாறும்போது கிடைக்கும் அரை மணி நேரம்தான் பயிற்சி. எப்போதும் இரண்டு பேராவது இருக்க மாட்டார்கள். வராதவர் நிற்க வேண்டிய இடத்தில் ஸ்டோரிலிருந்து ஒரு நீல நிற பிளாஸ்டிக் கிரேட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆடுவோம். வேறு எந்த டீமும் இப்படிப் பழகியிருக்காது. செல்வம் அந்தக் கிரேட்டுகளோடு அற்புதமாக ஆடினார். ஒன்றைச் சுற்றி ஓடி, இன்னொன்றுக்கு முன்னால் நின்று திரும்பி, கண்ணை மூடிக்கொண்டுகூட ஆடுவார் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஒன்றுசேர்ந்தோம். அன்றைக்குத்தான் வினை. உள்ளே ஓடச் சொல்லி நான் "கட்! கட்!" என்று கத்தினால் அவர் அசையாமல் நிற்கிறார். எங்கள் சென்டர் தன்ராஜ் ஆளை மாற்றிக்கொள்ளச் சொல்லி "ஸ்விட்ச்!" என்கிறான், இவர் நேராக அவன் மேலேயே போய் மோதுகிறார். தன்ராஜ் குன்றத்தூர்க்காரன், வாய் சும்மா இருக்காது.

"தலைவரே, நாளைலேர்ந்து எனக்குப் பதிலா கிரேட்டையே வெச்சிக்க. துரைக்கு அதான் செட்டாவுது. மனுசன் கூப்ட்டா திரும்ப மாட்டாராம்."

செல்வம் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். இரண்டு மாதம் அவரைத் திமிர் பிடித்தவர் என்றே நினைத்தேன். திட்டினேன், வெளியே உட்கார வைத்தேன், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

கம்பெனி பஸ்ஸில் அவர் எப்போதும் இடது ஜன்னலோரம்தான் உட்காருவார். யாராவது உட்கார்ந்திருந்தால் கெஞ்சி எழுப்புவார். காற்று வாங்குகிறார் என்று கிண்டல் செய்வோம். ஒரு நாள் இடம் கிடைக்காமல் வலது ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில், "சரி, டீமை விட்டுப் போய்டறியா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

 அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, "இன்னாடா, காது கேக்கலியா உனக்கு?" என்றேன். முகம் வெளுத்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று சொன்னார். தகடு அழுத்தும் பிரஸ் அவருக்கு இடது பக்கம் நிற்கும். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டால் மெஷினின் சத்தம் மாறுவது தெரியாது; தெரியாவிட்டால் டை என்கிற அச்சு உடைந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் மெஷின் பக்கத்துக் காதில் மட்டும் அடைப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்வார்கள். நல்ல ஆபரேட்டர் என்று பெயர் எடுத்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். செல்வம் மிக நல்ல ஆபரேட்டர்.

"அண்ணே, ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன், யார்ட்டயும் சொல்லிராதிய. காது போச்சின்னா பெர்மனன்ட் பண்ண மாட்டாவ. எங்க அய்யா ஊருக்குள்ள பெர்மனன்ட் ஆயிட்டான்னு இப்பமே சொல்லிட்டுத் திரியுதாரு."

சொல்ல மாட்டேன் என்றேன். பாவம் பார்த்தேன் என்பது பாதிதான் உண்மை. அவர் போய்விட்டால் பவர் ஃபார்வர்டுக்கு எங்கே போவது என்றும் நினைத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்டம் மாறியது. வாயால் கூப்பிடுவதையே விட்டோம். மூடிய கை என்றால் திரை போட வா, அதாவது எதிராளியை மறித்து நில். ஒற்றை விரல் என்றால் உள்ளே வெட்டி ஓடு. தன்ராஜிடம், எதிராளிக்குக் கேட்காமல் இருக்கத்தான் இப்படி என்று பொய் சொன்னேன். செல்வத்தை இடது ஓரத்துக்கு மாற்றினேன். அங்கே நின்றால் நல்ல காது எங்கள் பக்கம் இருக்கும். அதன்பின் அவர் கண் என் கையை விட்டு அகலவே இல்லை. தன்ராஜ் நகருவதற்கு முன்பே இவர் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். "இன்னா மாயம் பண்ண தலைவரே?" என்று அவனே வியந்தான்.

அந்த வருஷம் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். ஜெயித்தால் டிரெய்னிகளின் பெயரைப் பெர்மனன்ட்டுக்குத் தானே மேலே எடுத்துச் செல்வதாக எச்.ஆர். மேலாளர் சொல்லியிருந்தார். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கி நின்றோம். சுற்றிலும் விசிலும் கூச்சலுமாக யாருக்கும் யார் பேச்சும் கேட்கவில்லை. எதிர் டீம் கேப்டன் தொண்டை கிழியக் கத்துகிறார், அவருடைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்து முழிக்கிறார்கள். நான் கையை மூடி உயர்த்தினேன். செல்வம் ஓடிவந்து சுவர் மாதிரி நின்றார். அவர் மேல் இரண்டு பேர் மோதி விழ, தன்ராஜ் தனியாகப் போய்ப் பந்தைப் போட்டான். தன்ராஜைத்தான் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். செல்வம் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் வாக்குத் தவறவில்லை. ஆனால் மருத்துவப் பரிசோதனை என்று ஒன்று இருந்தது. நம் மருத்துவ அறையில் ஒரு மேஜை, ஒரு மெஷின். மெஷினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். சத்தம் விடும்போது மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரியும். எதிர்ப் பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த விளக்கு நன்றாகத் தெரியும்.

ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி நான் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

இடது காதுக்கு மாற்றினார்கள். விளக்கு எரிந்தது. முழங்கால் மேல் வைத்திருந்த என் ஒற்றை விரல் உயர்ந்தது. செல்வம் கையைத் தூக்கினார். மறுபடி எரிந்தது, மறுபடி விரல்.  நர்ஸ் ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விரலை மடக்கி மூக்கைச் சொறிந்தேன். எத்தனை முறை என்று நினைவில்லை. "நார்மல்" என்று எழுதினார்கள்.

வெளியே வந்ததும் செல்வம் என்னைக் கட்டிப்பிடித்தார். "அண்ணே, இன்னைக்குத்தான் நாம நல்லா ஆடுனோம்" என்றார். நானும் பெருமையாகச் சிரித்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த "நார்மல்" அவரை அதே பிரஸ்ஸுக்கு, அதே இடது பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது. வைத்தியமும் இல்லை, வேறு வேலையும் இல்லை. பிறகு இரண்டு வருஷம் நாங்கள் அந்தக் காதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிரேதப் பரிசோதனை முடிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் ஏற்றும்போது அவருடைய கால் உள்ளே அடங்கவில்லை. தன்ராஜ் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதான். காது விஷயத்தை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே தலைவரே. நா அவன எவ்ளோ பேசிட்டேன்" என்றான். 

வேன் போனபின் செல்வத்தின் அறைத் தோழர் கணேசன் என்னிடம் வந்தார். அதே பிரஸ் ஷாப், இன்னும் டிரெய்னி.

"தப்பா நெனைக்காதிய அண்ணே. நாளான்னைக்கு எனக்கு மெடிக்கல். எனக்கும் எடது காது மந்தந்தான். நீங்க கை காட்டுவியன்னு செல்வம் சொல்லியிருக்கான்."

அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். தன்ராஜ்தான் பிடித்தான். அவர் மேல் என்ன தப்பு?

மறுநாள் மருத்துவ அறைக்குப் போய் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். பெஞ்சை வெளியே போடச் சொன்னார். அதற்கடுத்த நாள் கணேசன் உள்ளே போய் உட்கார்ந்தபோது, நான் வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். இடது காதில் அவர் தேறவில்லை. பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு வேலை தருவார்களா என்று தெரியவில்லை. என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணேசன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நேற்று சாலையைக் கடக்கும்போது நடுவில் நின்று, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

தம்பி செல்வம், இதை உனக்குச் செய்திருக்க வேண்டும். என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, டீமை விட்டு, இந்த ஊரை விட்டே போயிருப்பாய். எங்கேயாவது உயிரோடு இருந்திருப்பாய். போய் வாடா.