உயிரோட வர்றவனுக்கு வீரவணக்கம்

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் 'போறேன்' என்று சொல்லிவிட்டால் போதும், "போயிட்டு வரேன்னு சொல்லுடா!" என்று நாலு பேர் பாய்வார்கள். வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு பயப்படுகிற ஜனம். அந்த ஜனம்தான், எல்லையில் சண்டை முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த என் மச்சானுக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் வீரவணக்கம் சொல்லி பேனர் கட்டியது.

மச்சான் என் மனைவியின் தம்பி, பட்டாளத்துக்காரன். அவன் எல்லையில் இருந்தபோதுதான் சிதம்பரத்தில், அவன் மாமியார் வீட்டில், அவனுக்குப் பொண்ணு பிறந்தது. அவன் வந்ததும் அங்கேயே மாதா கோயிலில் ஞானஸ்நானம் என்று ஏற்பாடு.

அந்தச் சண்டை நின்றதும் எங்கள் வார்டில் வேறு சண்டை. அவனை வரவேற்பது இப்போதைய கவுன்சிலரா, பழைய கவுன்சிலரா? இவர் 'வருக' என்று கட்டினார். அவர் பக்கத்திலேயே 'வருக வருக'. இவர் 'வீரனே வருக'. அதற்கு மேல் வார்த்தை கிடைக்காமல் பழையவர் கட்டியதுதான், யூனிஃபார்ம் போட்டோவோடு, 'மண்ணின் மைந்தனுக்கு வீரவணக்கம்'. செத்தவருக்குச் சொல்கிற சொல் என்று அவருக்குத் தெரியாதா என்ன? எத்தனை இரங்கல் கூட்டத்தில் மைக் பிடித்த ஆள்! பெரிய சொல்லாக வேண்டும் என்று தேடிய அவசரத்தில் அர்த்தம் பார்க்கவில்லை.

புருஷனை அழைக்கக் கைக்குழந்தையோடு சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள் மச்சான் பெண்டாட்டி. காலையிலிருந்து அவன் போன் கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இந்த பேனர்.

எனக்குப் போன் வந்தது. "அண்ணே, எங்கிட்ட மட்டும் மறைச்சிட்டீங்களா?"

ஓடினேன். பஸ் ஸ்டாண்டுப் பூக்காரம்மா பக்கத்தில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை பூக்காரம்மா மடியில். நான் திரும்பத் திரும்பப் போன் போட்டதில் ஒருவழியாக மச்சான் லைனில் வந்தான். "மாமா, விழுப்புரம் தாண்டிட்டேன், ரயில்ல சிக்னலே இல்ல." போனை அவள் காதில் வைத்தேன்.

"பேசுங்க. எதையாச்சும் பேசுங்க. வச்சிடாதீங்க," என்றாள்.

அதற்குள் இரண்டு கவுன்சிலர்களும் மாலையோடு வந்து நின்றார்கள்.

"மொதல்ல அதை அவுருங்கண்ணே," என்றேன் பழையவரிடம்.

"நான் அவுத்தா அந்த ஆளு ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே!"

இப்போதையவரிடம் திரும்பினேன். அவர் பின்வாங்கினார். "நான் கைய வச்சா ராணுவத்துக்கே எதிரின்னு வாட்ஸ்அப்ல போட்டுடுவாரு சார். ஆளை வுடுங்க."

"உயிரோட இருக்கறவன்யா அவன்!"

"அதான் வர்றாருல்ல, வந்தா ஜனங்களுக்கே தெரிஞ்சிடப் போவுது."

இவர்களிடம் என்னத்தைப் பேச? இரண்டு நாடு உட்கார்ந்து பேசி பீரங்கியை நிறுத்திவிட்டது. இங்கே ஒரு கயிற்றை அவிழ்க்க ஆளில்லை.

மச்சான் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, தன் போட்டோவை அண்ணாந்து பார்த்தான். "என்ன மாமா, எனக்கே சொல்லாம முடிச்சிட்டீங்க?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எழுந்து குழந்தையை வாங்கி அவன் கையில் வைத்தாள். பூக்காரம்மாவிடம் நார் அறுக்கிற பிளேடை வாங்கினாள், அவருடைய ஸ்டூலைப் போட்டு ஏறினாள், கயிற்றை அறுத்தாள். பேனர் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

கவுன்சிலர்கள் மாலையைத் தூக்கிக்கொண்டு முண்டினார்கள். "நான் மொதல்ல வந்தேன்!" "யாருய்யா மொதல்ல?"

"கையில புள்ள இருக்குதுண்ணே, மாலை குத்தும்," என்றான் மச்சான், இரண்டு பேருக்கும் பொதுவாக.

சிதம்பரம் பஸ்ஸில் நான் பின் சீட்டில் இருந்தேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வழிநெடுக பேனர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. அவள் ஒன்று விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு கை மட்டும் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.