கண் மட்டம்

பின்னேரம் நாலரை மணி. தர்சினி புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள். காலையில் கட்டிய செங்கற்கள் தண்ணீரை உறிஞ்சிக் கறுத்துக்கொண்டிருந்தன. தொலைபேசி அடித்தது. மேசன் ஜெரிசன். அவள் கணவர் குகதாசனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அச்சுவேலிக்குச் சீமெந்து வாங்கப் போனவன்.

“அக்கா... அண்ணை நெஞ்சு நோகுதெண்டு கடை வாசலிலை இருந்தவர்...”

அவன் அழுதான். பைப்பைப் பூட்ட அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு தோட்டப் பக்கம் ஓடியது.

குகதாசன் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் கீறுகிறவர். ஊரில் பாதிப் பேருடைய வீடு அவர் மேசையில் பிறந்ததுதான். கேட்டவர்களுக்குக் கேட்ட மாதிரிக் கீறிக் கொடுத்தார். தனக்கென்று ஒன்று கீற அவருக்குக் காணி இருக்கவில்லை. சண்டைக்குப் பயந்து மயிலிட்டிக்குத் தெற்கே இருந்த வீட்டை விட்டு ஓடியபோது அவர் சிறுவன். பிறகு அகதி முகாமில்தான் வளர்ந்தார். தர்சினி வளர்ந்ததும் அதே முகாமில்தான்.

அங்கே ஒரு குடும்பத்துக்கும் மற்றக் குடும்பத்துக்கும் நடுவில் பழைய சேலை ஒன்றுதான் சுவர். காற்றடித்தால் சுவர் எழும்பும். தர்சினி உடுப்பு மாற்றும்போதெல்லாம் அம்மா சேலையின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த வயதிலும் அவள் முகத்தை மூடிக்கொண்டுதான் தூங்குவாள்.

இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நாற்பதைக் கடந்த பிறகுதான் அவர் தன் வீட்டைக் கீற உட்கார்ந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கு ஒரு சின்ன வீடு.

“நாலு பக்கமும் சுவர் வையுங்கோ. யன்னல் வேண்டாம்” என்றாள் தர்சினி.

“யன்னல் இல்லாட்டி அது வீடில்லையப்பா, பெட்டகம்.”

“பெட்டகமெண்டாலும் பரவாயில்லை. ஒருத்தரும் என்னைப் பாக்கேலாது.”

அவருக்கோ ஆசை வேறு. படுத்தபடியே வெங்காயத் தோட்டத்தையும் அதற்கப்பால் பனைகளையும் பார்க்கவேண்டும். காற்று கேட்காமலே உள்ளே வரவேண்டும். இரண்டு பேர் விருப்பத்தையும் ஒரே சுவரில் வைக்கப் பார்த்தார். வன்னியிலிருந்து செங்கல் இறக்கி, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னார். பூசக் கூடாது என்றார்.

வீட்டுக்கு முன்னால் உள்ள குறுகிய ஒழுங்கையால் போனவர்கள் சும்மா போவார்களா?

“என்ன குகதாசன், பூசக் காசு முடிஞ்சுதோ?”

“ஓம் அண்ணை. நானும் முகத்துக்குப் பவுடர் பூசாத ஆள்தானே.”

பகலில் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே இருட்டு, வெளியே வெயில். ஒழுங்கையில் நின்றால் ஒன்றும் தெரியாது. பொழுதுபட்டு உள்ளே லைற்றைப் போட்டதும் கதை மாறியது. வெளியே நின்று பார்த்த தர்சினி கத்தினாள்.

“உங்கடை பெனியன் ஓட்டையும் தெரியுது! உதுக்குள்ளை நான் இருக்க மாட்டன்.”

வாழ்நாள் முழுக்கப் படம் கீறியவர் இரவில் விளக்கெரியும் என்பதை மறந்துபோனார். அந்த வாரமே சுவரைப் பிரிப்பித்து, ஒவ்வொரு கல்லையும் தோட்டத்தைப் பார்த்துச் சரித்துக் கட்டுவித்தார். ஒழுங்கையால் பார்ப்பவனின் கண் கல்லில்தான் முட்டும். உள்ளே படுத்திருப்பவரின் கண் கல்லோடு கல்லாகச் சரிந்து பனைகள்வரை போகும். கட்டி முடித்த அன்று பொழுதுபட அவளை மறுபடியும் ஒழுங்கைக்கு அனுப்பினார்.

“நான் இப்ப என்ன செய்யிறன், சொல்லும்?”

“தெரியேல்லை.”

“ஆடுறன்!”

அவள் ஒழுங்கை என்றும் பாராமல் சிரித்தாள்.

மிச்சம் இருந்தது சமையல் செய்யும் குசினியின் சுவர். அதில் ஒரேயொரு கல் அகலத்துக்கு வெளியே பார்க்கும் துவாரமாய் ஒரு கண் விடவேண்டும் என்றார். யார் வாசல் படலையைத் திறந்தாலும் உள்ளிருந்து அவர்களை முதலில் காண்பது அவளாக இருக்கவேண்டும்.

தொலைபேசி வந்த அன்று மத்தியானம் அச்சுவேலிக்குப் புறப்படும்போது கூப்பிட்டார்.

“இஞ்சாரும், இதிலை ஒருக்கா வந்து நில்லும். கண் மட்டம் குறிக்க வேணும்.”

“கையெல்லாம் தேங்காய்ப்பூ. வந்தாப் பிறகு நிக்கிறன்.”

சரியென்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

உடல் வந்தபோது அவருடைய சித்தப்பா கதிரவேலு படலையில் நின்று மறித்தார். “குடிபூராத வீட்டுக்குள்ளை பிரேதம் ஏத்தக் கூடாது.” எல்லோரும் அதையே சொன்னார்கள். சீமெந்து மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டு, அதுவரை அவர்கள் குடியிருந்த பக்கத்துத் தகரக் கொட்டிலில் அவரைக் கிடத்தினார்கள். மறைப்புக்கு யாரோ ஒரு சேலையைக் கட்டினார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் தர்சினி எழுந்துபோய் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஜெரிசன் வேலைக்கு வந்தான். கதிரவேலுவும் வந்திருந்தார்.

“தம்பி, உந்த ஓட்டையளை அடைச்சுப் பூசிவிடு. தனிய இருக்கப்போற பொம்பிளை.”

தர்சினி கொட்டிலுக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

“ஒண்டையும் அடைக்க வேண்டாம்.”

“பயமில்லையோ, பிள்ளை?”

“பயம்தான் மாமா. அதுக்குத்தானே அவர் கல்லைச் சரிச்சவர்.”

கதிரவேலு தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெரிசன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தான். கடை வாசலில் விழுந்து கிடந்தது என்றான்.

“குசினிக் கண் எந்த உயரத்திலை விட, அக்கா? ஒருக்கா இதிலை நில்லுங்கோ.”

போய் நின்றாள். நேரே படலையைப் பார்க்கச் சொன்னான். பார்த்தாள். அவர் அன்று வெளியே போன படலை. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெரிசன் பென்சிலைத் தாழ்த்தினான்.

“நாளைக்குப் பாப்பம், அக்கா.”

மற்ற வேலைகள் நடக்கின்றன. தரைக்குச் சீமெந்து போட்டாயிற்று, கதவும் வந்துவிட்டது. குசினிச் சுவர் மட்டும் அவள் தோளளவில் நிற்கிறது. கண் மட்டம் இன்னும் குறிக்கவில்லை.