மதகுப் பக்கம் போன தண்ணீர்

சண்டை முடிந்து, கடலுக்கும் உப்பு வாவிக்கும் நடுவிலுள்ள பனிச்சங்கேணிக்குத் திரும்பிய முதல் மாரியில் எங்கள் கத்தரிக் கன்றுகள் நின்ற நிலையிலேயே அழுகின. வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தத் தோட்டத் துண்டில் முன்பெல்லாம் மழை விட்ட மறுநாளே செருப்போடு நடக்கலாம். சுனாமி வந்து ஒரு சாண் சேற்றைப் பரப்பிவிட்டுப் போனது. நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் அது வெயிலில் காய்ந்து சீமெந்துத் தரைபோல இறுகியிருந்தது. பெய்த மழை இறங்க வழியில்லாமல் மேலேயே குந்திக்கொண்டிருந்தது.

என் கணவர், "வாவிதானே பள்ளம்" என்று அந்தப் பக்கமாக இரண்டு நாள் வாய்க்கால் வெட்டினார். மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால், மழையில் பெருத்திருந்த வாவி அந்த வாய்க்கால் வழியே எங்கள் தோட்டத்துக்குள் வந்திருந்தது. பாத்திகளுக்கு நடுவே மீன் ஓடியது. அவர் போய் வலையை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவருடைய அக்கா எனக்கு மச்சாள். சுனாமியில் வீடு போனபின் எங்களோடு இருந்தார். நாள் முழுக்க நாலு சொல் பேசினால் அதிகம். அன்று மத்தியானம் அந்த மீனைச் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "புள்ள, மேசன்மார் மட்டம் பார்க்கிற டியூப்பைக் கேட்டு வாங்கி வாறன். நாம ரெண்டு பேரும் பார்ப்பம்" என்றார்.

என் கணவர் மீன் பிடிக்க வாவிக்குப் போனதும் தொடங்கினோம். கண்ணாடிபோல உள்ளே தெரியும் அந்த நீள டியூப்பில் தண்ணீரை நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நின்றோம்.

"ஆடாமப் பிடிகா புள்ள!"

"நான் ஆடல்ல மச்சாள், சேறுதான் ஆடுது!"

ரோட்டோரத்து மூலை, வாவிப் பக்கத்தைவிட ஒரு சாண் பள்ளமாக இருந்தது. அதற்கு அப்பால் ரோட்டுக்கு அடியால் போகும் மதகு. மதகுக்கு அப்பால் கடலுக்கு ஓடும் தோணா ஓடை. முதலில் என் கணவர் வெட்டிய வாய்க்காலை மண் போட்டு அடைத்தோம். பிறகு நாலு நாள், அவர் இல்லாத நேரம் பார்த்து, மதகுவரை புதிதாக வெட்டினோம். மீன் வந்த நாளுக்குப் பிறகு அவர் தோட்டப் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை. பாத்திகளில் இரும்பு அலவாங்கால் குத்தி இறுகிய படையை உடைத்தோம். குத்திய குழியெல்லாம் குபுக் குபுக்கென்று குமிழி விட்டது.

கடைசி வரம்பை மச்சாள்தான் வெட்டினார். தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரே பாய்ச்சல். மச்சாள் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தூக்கப் போன நானும் அவர்மேலேயே விழுந்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். அப்படியொரு சிரிப்பு அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது. நிறுத்த முடியாமல் இரண்டு பேரும் கத்திக் கத்திச் சிரித்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்கள் கத்தினால் ஒரே அர்த்தம்தான். கரையிலிருந்து துடுப்போடு என் கணவர் ஓடி வந்தார். பின்னால் அயல் வீட்டார் நாலைந்து பேர்.

"என்ன? கடல் வருகுதா?"

"தண்ணி போகுதுடா!" என்றார் மச்சாள்.

"போகுதா, வருகுதா? ஒழுங்காச் சொல்லு!"

"போகுது! போகுது!"

என் கணவர் குனிந்து பார்த்தார். தன் வாய்க்கால் அடைபட்டிருப்பதையும் பார்த்தார். துடுப்பைப் போட்டுவிட்டு, "நானும் இந்தப் பக்கம்தான் நினைச்சன்" என்றார். அயல்காரர்களும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பெண் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி, மச்சாளைத் தூக்கப் போய்த் தானும் விழுந்தாள்.

உரித்த தேங்காய்ப் பொச்சு மட்டைகளை அடியில் பரப்பி, உயரப் பாத்தி கட்டி, தை பிறக்குமுன் மறுபடியும் கத்தரி நட்டோம். நன்றாகவே காய்த்தது. வாவிப் பக்கத்து மூலையில் மட்டும், அன்று உள்ளே வந்த தண்ணீரின் உப்பு விடவில்லை, புல்கூட முளைக்கவில்லை. அங்கே கோழிக்கூடு கட்டினோம்.