ஸ்கேல் வைத்திருந்த தேர்வாளர்

காரைக்குடியில் எங்கள் கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்தவர் அவர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன ஸ்கேலும் இருந்தது. மாணவர்கள் வாயைத் திறக்குமுன்பே, வித்தியாசங்களை இரண்டு பக்கமாகக் குறித்துக்கொள்ள, தாளின் நடுவில் ஒரு கோடு கிழித்துவிடுவார்.

"சி மாதிரி ப்ரொசீஜரல் லாங்குவேஜுக்கும் ஜாவா மாதிரி ஆப்ஜெக்ட் ஓரியன்டட் லாங்குவேஜுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

என் மாணவி யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டு நடுவுல முத்தத்தோட இருக்க வளவு எல்லாருக்கும் பொது சார். அங்க கெடக்குற சாமானை யாரும் எடுக்கலாம், மாத்தலாம். சி அப்படி. சுத்தி இருக்க அறைக அப்படியில்ல. சித்தப்பா அறைச் சாவி சித்தப்பாகிட்டதான். எது வேணும்னாலும் அவுகளைத்தான் கேக்கணும். அது ஜாவா."

"பத்து பாயின்ட்ல ஒண்ணுதான் வந்திருக்கு" என்று பத்துக்கு ஒன்று போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புரிஞ்சுல்ல சார் சொல்லுது!"

"புரிஞ்சதுக்கு மார்க் போட நீங்க குடுத்த மார்க் தாள்ல எங்க எடம் விட்டிருக்கீக?"

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த வீட்டு உதாரணம் பிரமாதம். என் வகுப்புல சொல்லிக்கலாமா?"

மார்க்கை மாற்றவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. யாரைக் கேட்க வேண்டும் என்று அவள்தான் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தாளே. நாலடி தள்ளி வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தாள்.