கொஞ்சம் பெருசாவே குடுங்க

துணிக்கடைக்குப் போகிறவர் அளவைச் சொல்லிக் கேட்கிறார், செருப்புக்கடைக்குப் போகிறவர் காலை நீட்டிக் காட்டுகிறார், சைக்கிள் கடைக்கு வருகிறவர் மட்டும் கலரைச் சொல்லிக் கேட்கிறார். ஏதாவது ஒரு கடையைக் கட்டிக்கொண்டு அழுகிற என் இனத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

என் கடை திருவண்ணாமலை செங்கம் ரோட்டில். குழந்தைகள் சைக்கிள், கியர் சைக்கிள், ஆசிரமத்துப் பக்கம் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. யார் கண் பட்டதோ, போன வருஷம் ஒரு மலைச் சைக்கிளுக்கு ஆர்டர் போட்டேன். முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வைத்தது. பாறை மேல் இறக்கினால் முன்பக்கம் ஆறு அங்குலம் அமுங்கி எழும். மீடியம் சைஸ் கேட்டேன், தீர்ந்துவிட்டது என்று ஸ்மாலை அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அந்த நீல வண்டியை முதல் பார்வையிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. கடையில் பில் போடுவதும் என்னைத் திட்டுவதும் என் மனைவி வசந்தியின் பொறுப்பு. அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கார்த்திகை தீபத்துக்குள்ள இது போகலைன்னா, நீங்களே ஏறிக்கினு போய் குடுத்துட்டு வந்துடுங்க."

ஆடுகிற வண்டி

முதலில் வந்தவர் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். எங்கள் பக்கம் அதற்கு மணிலா என்று பெயர். மூட்டையைக் குத்திப் பார்த்தே தரம் சொல்கிறவர் ஆயிற்றே, வண்டியையும் சும்மா விடவில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கினார். முன்பக்கம் கீழே போய் மேலே வந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு சீட்டை அமுக்கினார். பின்பக்கமும் அப்படியே செய்தது. என்னை அவர் பார்த்த பார்வையில் ஈரமான மணிலாவை விற்க வந்தவனைப் பார்க்கிற வருத்தம் இருந்தது.

முன் ஃபோர்க்கின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். வண்டி எவ்வளவு அமுங்கியதோ அந்த இடம் வரைக்கும் அந்த வளையம் தள்ளப்பட்டு, அங்கேயே நின்றுவிடும். அதைக் காட்டி, "பாருங்க, நீங்க அமுக்கினதுக்கு ரெண்டு விரல் அளவுதான் போயிருக்குது. மலையில இறங்கினா மேல வரைக்கும் போகும். ஆடறதுக்காகவே பண்ண வண்டிங்க இது" என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஆறுதலாக என் தோளைத் தட்டினார். "எல்லா போல்ட்டையும் நல்லா டைட் பண்ணி வைங்க, சாயந்திரம் வந்து பாக்கறேன்."

ஒரு ரவுண்டு

அடுத்து வந்தவர் கோயில் குருக்கள் வீட்டைச் சேர்ந்தவர், பெயர் கணேசன். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். நல்ல உயரம். ஸ்மால் அவருக்குச் சரிப்படாது என்று சொல்லியும் கேட்கவில்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன் சார்" என்றார். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புவார் என்று நினைத்து அனுப்பினேன். என் கடை கிரிவலப் பாதையில் இருப்பதை அந்த நேரத்தில் நான் மறந்துவிட்டேன்.

அரை மணி நேரமாயிற்று. வசந்தி, "அட்ரஸ் வாங்கினீங்களா? போன் நம்பராவது வாங்கினீங்களா?" என்று ஆரம்பித்தாள். ஒரு மணி நேரமாயிற்று. அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டுத் தேடப் போகலாம் என்று நான் எழுந்தபோது, போன திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து கணேசன் வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி. வண்டிக்கும் ஹேண்டில்பாரில், சீட்டில், ஃபோர்க் தண்டில் என்று பட்டை போட்டிருந்தார். எட்டு லிங்கத்திடமும் நின்று கும்பிட்டு, மலையை முழுசாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். முட்டி இடிக்கிறது, வேண்டாம் என்றும் சொன்னார். அதைத் தெருமுனையிலேயே தெரிந்துகொண்டாராம். "அப்பவே திரும்பியிருக்கலாமே!" என்றேன். மனிதர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "கிரிவலம் ஆரம்பிச்சுட்டு பாதியில எப்படி சார் திரும்பறது?"

டீச்சரின் பயம்

புவனா டீச்சர் வண்டி வாங்க வரவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரோடு சேர்ந்து ஜவ்வாது மலையின் மண் பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர். தம்பி பிரபுவின் மலைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக் பிடி வளைந்திருந்தது, டீச்சரின் முழங்கையில் பிளாஸ்திரி. இறக்கத்தில் மறுபடியும் விழுந்துவிட்டாராம். கூட வருகிறவர்கள், "மேடம், உங்களுக்குத் தார் ரோடே போதும்" என்று சொல்லிவிட்டார்களாம். "இதைச் சரி பண்ணிக் குடுங்க, தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டு நிறுத்திக்கறேன். எனக்கு அந்த தைரியம் பத்தலைங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்த வண்டியின் மேல். அது லார்ஜ். நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கச் சொன்னேன். கால் கட்டைவிரலில் எக்கி நின்றார். பாறை இறக்கத்தில் இவர் காலை ஊன்றுவது எப்படி? வசந்தி பில் மேசையில் விளக்கேற்றி வைப்பதால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள், டீச்சரும் வெறுங்காலோடுதான் நின்றார். ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன். சாமி படத்தைப் பார்த்துத் தயங்கினார். வசந்தியே, "பரவால்ல டீச்சர், சாமி ஒண்ணும் நினைக்காது" என்றாள். ஷூ போட்டும் லார்ஜில் குதிகால் தரையைத் தொடவில்லை. நீல வண்டியில் இரண்டு பாதமும் பதிய நின்ற பிறகும் நடுக்கம்பிக்கு மேல் இடம் மிச்சமிருந்தது.

கடைக்குப் பின்னால் காலி மனையில் வீடு கட்டுவதற்காக ஆளுயரத்துக்கு மண்ணும் ஜல்லியும் கொட்டியிருந்தார்கள். வண்டியை மேலே தூக்கிக்கொடுத்தேன். டீச்சர் உச்சியில் வெகுநேரம் நின்றார். வண்டியோடு திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சட்டென்று இறங்கினார். வண்டி அமுங்கி எழுந்து, ஜல்லியில் வழுக்கி, நேராகி நின்றது. மறுபடி மேலே போனார், மறுபடி இறங்கினார். மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றபோது அவர் கேட்டது இதைத்தான்: "அப்போ நான் பயந்தாங்கொள்ளி இல்லீங்களா?"

வீட்டுக்கு ஒரு அளவு

அந்த வாரக் கடைசியில் டீச்சர் குடும்பத்தோடு வந்தார். நம் வீடுகளில் சைக்கிள் ஒருவருக்காக வாங்கப்படுவதில்லை, வீட்டுக்காக வாங்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிரபு நீல வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சின்னதா இருக்குதுக்கா" என்றார். அவர் கணேசன் உயரம். அம்மா உடனே, "கொஞ்சம் பெருசாவே குடுங்கப்பா. ரெண்டு பேரும் ஓட்டிக்கலாம்" என்றார். இதே நீலத்தில் லார்ஜ் ஒரு வாரத்தில் வந்துவிடும், அது வசந்திக்கும் தெரியும். வியாபாரம் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. என் புத்தி எங்கே போயிற்றோ, "இன்னொரு லார்ஜை டீச்சருக்கு நான் விக்க மாட்டேன்மா. திரும்ப விழுவாங்க, அதோட விட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டேன். வசந்தி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

டீச்சர் நீல வண்டியின் சீட்டில் கை வைத்தபடி நின்றார். பாடம் நடத்தும்போது எப்படியோ, வீட்டுக்காரர்கள் முன்னால் அவருக்குக் குரல் எழும்பவில்லை. நான் கடைசி முயற்சியாக, "எதுக்கும்மா பெருசு? டீச்சர் இனிமே வளரவா போறாங்க?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "அவ வளர மாட்டாப்பா, ஆனா பிரபு வளந்துட்டான் இல்ல?"

பொட்டு

ஒரு வாரம் யாரும் வரவில்லை. நீல வண்டியை வசந்தி தினமும் துடைத்தாள், என்னோடு பேசாமல் துடைத்தாள். தீபத்துக்குப் பந்தல்கால் நட்டுவிட்டார்கள். ஒரு காலையில் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார், அம்மாவும் கூட. "இதையே எடுத்துக்கறேங்க. வீட்ல சொல்லிட்டேன்" என்றார் டீச்சர். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கையிலிருந்த பையில் மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தன.

வண்டியை மலையைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். எலுமிச்சையைச் சக்கரத்துக்குக் கீழே வைத்தார். நான் பில் மேசைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள், வட்டமாகப் பளபளக்கிற இடம் அதுதானே என்று இரண்டு சக்கரத்தின் டிஸ்க் பிரேக் தட்டிலும் அழகாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். அந்தத் தட்டில் விரல் ரேகைகூடப் படக்கூடாது. டீச்சர் ஏறி ஓட்டிப் பிரேக்கைப் பிடித்ததும் செங்கம் ரோடே திரும்பிப் பார்க்கும்படி வண்டி வீரிட்டது. ஸ்பிரிட் போட்டு அரை மணி நேரம் துடைத்தேன். "அங்க போய் யாராவது பொட்டு வைப்பாங்களாம்மா?" என்று அலுத்துக்கொண்டேன். அந்த அம்மா கலங்கிய கண்ணோடு என்னை அதட்டினார்: "மலையில அவளை நிறுத்தப்போறது அந்தத் தட்டுதானேப்பா, அதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கறது?"

வளையம்

தீபக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு திங்கட்கிழமை மாலை டீச்சர் சர்வீசுக்கு வந்தார். டயரில் செம்மண் காய்ந்திருந்தது, நீலத்தில் இரண்டு கீறல். நான் கீறலைப் பார்க்கவில்லை. ஃபோர்க் தண்டைத்தான் பார்த்தேன். மண்டிக்காரர் அமுக்கியபோது இரண்டு விரல் நகர்ந்த அந்த ரப்பர் வளையம், தண்டின் உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வசந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வளையத்துக்குப் போய் யாராவது கண்கலங்குவாங்களா?" என்றவள், அவளும் குனிந்து ஒரு முறை பார்த்தாள்.

தார் ரோடு போதும் என்றவர்கள் இறக்கத்துக்குக் கீழே நின்று டீச்சர் வருகிற அழகைப் பார்த்தார்களாம். "வீட்ல பிரபு ஓட்டறாரா?" என்று மெல்லக் கேட்டேன். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ரெண்டு தடவை எடுத்துப் பாத்தான். முட்டி இடிக்குதுன்னு வெச்சுட்டான். எங்க வீட்ல எனக்கு மட்டுமே பொருந்தற மொத பொருள் இதுதாங்க."

இத்தனைக்கும் பிறகு புத்தி வராமல், கடையில் நீல வண்டி நின்ற இடத்தில் ஒரு லார்ஜை வாங்கி நிறுத்தியிருக்கிறேன், அதைத் தினமும் வந்து ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர் என் தோள் உயரம்கூட இல்லை.