பலேர்மோவின் பிரதிநிதி

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வீட்டுக்கு அருகிலுள்ள சந்தியில் பீலிக்ஸ் இடப்பக்கம் திரும்புவார், அவருடைய மனைவி அகஸ்ரீனா வலப்பக்கம். கணவருக்குக் கத்தோலிக்கப் பூசை, மனைவிக்குப் பாப்திஸ்து ஆராதனை. "எனக்கும் சேர்த்து ஒரு செபம் சொல்லும்" என்பார் பீலிக்ஸ். "நீங்களே சொல்லுங்கோ, வாய் இருக்குத்தானே" என்று நடந்துகொண்டே பதில் வரும்.

அகஸ்ரீனா மன்னார்க்காரி. பதினேழு வயதில் இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்தவர், இப்போது நாற்பத்தாறு. லிபெர்த்தா வீதியில் தொண்ணூற்றொரு வயது இத்தாலியப் பெண்மணி சிஞ்ஞோரா இனெஸைப் பராமரிக்கிறார். அந்த அம்மா பரம்பரைப் பாப்திஸ்து. அவரைச் சக்கர நாற்காலியில் ஆராதனைக்குக் கூட்டிப்போய், முதல் வருடம் முழுக்கக் கடைசி வாங்கில் கொட்டாவி விட்டபடி இருந்தார் அகஸ்ரீனா. பிறகு பாட்டுகள் பிடித்தன. அதைவிட ஒரு வழக்கம் பிடித்தது: கூரை ஒழுக்கு முதல் போதகர் நியமனம் வரை அங்கத்தவர்கள் கையுயர்த்தித்தான் முடிவெடுத்தார்கள். "இஞ்சை ஆயர் இல்லை. சிஞ்ஞோராவுக்கும் ஒரு கை, எனக்கும் ஒரு கை" என்பார்.

நாற்பது வயதில் தொட்டித் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெற்றார். இரண்டு நாளாக முகம் கொடுத்துக் கதைக்காத பீலிக்ஸ், அன்று துவாயோடு வந்து வாசலில் நின்றார்.

போன வருடம் போதகர் ஓய்வுபெற்றார். வேறு ஆள் கிடைக்கவில்லை. பத்தொன்பது பேர் மட்டுமே உள்ள சபையை வேறோர் ஊர்ச் சபையோடு இணைத்து, ஆலயத்தை மூடிவிடலாம் என்று பாப்திஸ்துகளின் தேசியப் பேரவைக்கு ஒரு முன்மொழிவு போனது. ரோமுக்குப் போய்ப் பேச ஆள் வேண்டும். இத்தாலிய அங்கத்தவர்கள் எல்லோருமே எண்பதைத் தாண்டியவர்கள். அகஸ்ரீனாவைத் தெரிவுசெய்தார்கள்.

குசினியில் பழகிய இத்தாலியமொழி அவருடையது. ஒரு மாதம் வெங்காயம் நறுக்கியபடி சிஞ்ஞோராவிடம் சபையின் கதையைக் கேட்டார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் வந்து தொடங்கியதையும், பாசிசக் காலத்தில் யன்னலைச் சாத்திவிட்டு மெல்லப் பாடியதையும் தன் வாயால் திருப்பிச் சொல்லிப் பழகினார். சிஞ்ஞோரா அவருடைய வினைச்சொல்லையும் திருத்தினார், குழம்பின் உப்பையும் திருத்தினார்.

அகஸ்ரீனா நேப்பிள்ஸ் கப்பலேறி ரோமுக்குப் போன நாட்களில் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டவர் பீலிக்ஸ். பேரவையின் நேரலையை இருவரும் கைபேசியில் பார்த்தார்கள். போதகர் இல்லாத சபை எப்படி நடக்கும் என்று ஒருவர் கேட்டபோது, அகஸ்ரீனா ஒலிவாங்கிக்குப் போனார். எழுதிக்கொண்டு போன தாளை விரிக்கவேயில்லை. அன்று பேசியதை, இதை எழுதும் எனக்குப் பிறகு தமிழில் சொல்லிக் காட்டினார்:

"பாசிசக் காலத்திலை எங்கடை போதகரை ஊரைவிட்டு அனுப்பினவங்கள். அப்ப சிஞ்ஞோரான்ரை அம்மாதான் குசினியிலை வேதம் வாசிச்சுச் சபையை நடத்தினவ. எங்களிட்டையும் குசினி இருக்கு, வாசிக்கவும் தெரியும். அப்ப பூட்டாத சபையை இப்ப ஏன் பூட்டுவான்?"

மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது.

மன்னாரில் வாக்களிக்கும் வயது வருமுன்னே புறப்பட்டவர் அவர். இத்தாலியில் இன்றுவரை வதிவிட அனுமதி மட்டுந்தான், வாக்கில்லை. பேரவையில் பிரதிநிதிகள் எல்லோருக்கும்போல அவருக்கும் உயர்த்தி வாக்களிக்க ஒரு பச்சை அட்டை கொடுத்திருந்தார்கள்.

அந்தக் காணொளியைப் பீலிக்ஸ் இப்போதும் எல்லோருக்கும் காட்டுகிறார். ஆலயம் திறந்திருக்கட்டும் என்பவர்களைத் தலைவர் எண்ணி முடிக்கிறார். பெரும்பான்மை கிடைத்துவிட்டது, ஆலயம் மூடப்படாது என்று அறிவிக்கிறார். அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. நடு வரிசையில் ஒன்று மட்டும் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டு ஏதோ சொல்கிறார். அகஸ்ரீனா தலையாட்டிவிட்டு, மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, அட்டையை இன்னும் சற்று மேலே உயர்த்துகிறார்.